கதவிடுக்கில் ஒரு தீக்குச்சி

அக்கா தம்பிக்குக் கடைசியாகச் செய்து கொடுத்த வேலை, அவனுடைய காக்கிப் பேன்ட்டின் கொக்கியை இரண்டு விரல் உள்ளே தள்ளித் தைத்தது. ஏழு மாதத்தில் இடுப்பு அவ்வளவு இறங்கியிருந்தது. பேன்ட்டைப் போட்டபடியே அவன் நிற்க, அவள் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து தைத்தாள். அவன் முழங்கால் லேசாக நடுங்கியது. ஊசிக்குப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆடாம நில்லுடா. வயித்துல குத்துச்சுன்னா என்னைச் சொல்லாத."

"குத்தினா காத்துதான் வரும். உள்ள ஒண்ணுமில்ல."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவன் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, தோளில் கருவிப் பையை மாட்டினான். மாட்டியதும் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டான். டப்பாவில் ஸ்பூன் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றாள். சரி, வர்றேன் என்று கிளம்பினான். அவன் செருப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்குவதைச் சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாடியில் சத்தம் நின்றது. பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும் வரை நின்றே இருந்தது. பிறகு மறுபடி இறங்கியது.

தன் காதில் விழட்டும் என்றுதான் நிற்கிறான், அவளுக்குத் தெரியாதா என்ன.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடி. தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருந்தவர் இதை வைத்தே பல வருடம் பொழுதை ஓட்டினார். "ஊர்ல உள்ளவங்களை எல்லாம் மேல ஏத்தி விடுற ஆளு, சொந்த அக்காவை மட்டும் நடக்க விடுறாரே" என்பார். தம்பி சளைக்காமல், "அவ ஏறினா எந்த லிஃப்டும் தாங்காதுங்க" என்பான். அக்கா மொத்தமே நாற்பத்தெட்டு கிலோ.

படிகள் எத்தனை என்பதில் இருவருக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. அக்கா எழுபது என்பாள். அவன் எழுபத்திரண்டு என்பான். தெருவிலிருந்து ஏறும் தேய்ந்த கல்லையும், அவர்கள் வீட்டு வாசலுக்கு முன்னால் இருக்கும் உயரம் குறைந்த படியையும் அவள் கணக்கில் சேர்க்க மாட்டாள். "அதெல்லாம் ஒரு படியா?" "காலைத் தூக்கி வைக்கிற இடமெல்லாம் படிதான்." இப்படி இருபது வருடம். அம்மா போனபோது அவனுக்கு வயது பதினான்கு, அவளுக்கு இருபத்தைந்து. அவனைத் தூக்கி நிறுத்திய பிறகு தன் கல்யாணத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவன் நின்றான். அதற்குள் அவளுக்கு அந்த ஆசை விட்டுப் போயிருந்தது.

அக்காவுக்கு ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். ஒருத்திக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. ஒரு அறைக்கு இருபத்தைந்து நிமிடம். படுக்கை விரிப்பை மாற்றாமல் மேலே தட்டிவிட்டு வருகிறவள் யார், கட்டிலுக்கு அடியில் குனியாமலேயே குனிந்தேன் என்கிறவள் யார் என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. தலையணைக்குக் கீழே, கட்டில் காலின் ஓரத்தில், திரைச்சீலையின் மடிப்பில் ஒரு தீக்குச்சியை வைத்துவிடுவாள். வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்க வரும்போது போய்ப் பார்ப்பாள். குச்சி வைத்த இடத்தில் இருந்தால் வேலை நடக்கவில்லை. வாய்ச்சண்டை கிடையாது, சத்தியம் பண்ண வேண்டியதில்லை. பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் தீக்குச்சி. அது தெரிந்து அவள் உள்ளூரப் பெருமைப்பட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்றைக்கு யார் மாட்டினார்கள் என்று தம்பிக்குச் சொல்வாள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். முதுகு வலி என்று ஒரு வாரம் லீவு போட்டவள் கல்யாண மண்டபத்தில் ஆடிக்கொண்டிருந்ததைப் பிடித்த கதையை அவன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வான். பதினெட்டு வருட மேற்பார்வையில் அவள் கற்றது ஒன்றே ஒன்றுதான். முடியவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் முடியும்.

காய்ச்சல் அவனுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் வந்த வைரஸ் காய்ச்சல்தான். அக்காவுக்கும் வந்தது, மூன்றே நாளில் போனது. அவனுக்கும் போனது, ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. குளித்துவிட்டு வந்தால் ஒரு மணி நேரம் படுத்தான். தலை வாரக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கி வைத்தான். டாக்டர் ரத்தம் எடுத்தார், நெஞ்சைப் படம் பிடித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சிலருக்கு இந்த அசதி இழுத்துக்கொண்டு போகும், முடிந்ததை மட்டும் செய்யுங்கள், மீறினால் இரண்டு மடங்காகத் திருப்பி அடிக்கும் என்றும் சொன்னார். அக்காவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது.

"எனக்கு என்ன பண்ணுதுன்னு எப்படிச் சொல்றது..." என்று ஒரு நாள் அவனே ஆரம்பித்தான். "மோட்டார் சரியா இருக்கு, கயிறு சரியா இருக்கு, பட்டனும் எரியுது. அமுக்கினா பெட்டி நகர மாட்டேங்குது. அந்த மாதிரி."

"நீதானே மெக்கானிக். ரிப்பேர் பண்ணிக்கோ."

அவன் சிரித்தான். முதல் மூன்று மாதம் சிரிக்கத்தான் செய்தான்.

அசதியைவிட அவனைப் பயமுறுத்தியது மறதி. வீட்டுச் சாவியை அரிசி டப்பாவில் போட்டு வைத்தான். குழம்பில் மூன்று முறை உப்புப் போட்டான். ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தவன், "நான் எதுக்கு இங்க வந்தேன்?" என்று அவளையே கேட்டான். "சும்மா இருக்கிறவனுக்கு மூளை துருப்பிடிக்காம என்ன செய்யும்?" என்றாள்.

ஐந்தாவது மாதம், காய்ச்சலிலிருந்து திரும்பி வந்த ஒரு பெண் குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்ததை ஹோட்டலில் அக்கா பிடித்தாள். மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாள். மறுநாளே அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டார்கள். வழக்கம்போல் இதையும் சாப்பாட்டின்போது சொன்னாள். தம்பி சிரிக்கவில்லை.

"அவ எத்தனையாவது ரூம்ல உக்காந்தா?"

"பத்தாவதோ, பதினொண்ணோ. ஏன்?"

"பத்து வரைக்கும் பண்ணியிருக்கா" என்றான். தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அவனுடைய கம்பெனியில் மேலாளருக்கு மீசை என்று பெயர். மீசையை எடுத்துப் பத்து வருடம் ஆன பிறகும் அதே பெயர்தான். தம்பி அவரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தான். லிஃப்ட் நின்றுபோனால் கட்டடக்காரர்கள் போன் செய்வார்கள். அதை எடுத்துக் குறித்துக்கொண்டு ஆள் அனுப்பும் நாற்காலி ஒன்று அலுவலகத்தில் காலியாக இருந்தது. தரைத்தளம். காலைத் தூக்கி வைக்க ஒரு படிகூட இல்லை. உடம்பு தேறும் வரை அதில் உட்கார வையுங்கள் என்று கேட்டிருந்தான்.

"போன் எடுக்கவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றாள் அக்கா.

"ஆறு மாசம்தான். உயிரோட இருக்கிறவனுக்கு ஆறு மாசம் ஒண்ணுமில்லக்கா."

"கீழ் வீட்டுல கேட்டா என்ன சொல்ல? பதினாலு வருஷ மெக்கானிக், இப்ப ஹலோ ஹலோன்னு உக்காந்திருக்கான்னா?"

தையல்காரர் ஏற்கெனவே ஒரு வார்த்தை விட்டிருந்தார். "உங்க தம்பி ஓய்வெடுத்தே களைச்சுட்டாரு போல." அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. அவள் வீட்டில் ஒருவன் அப்படி இருப்பதா? ஹோட்டலில் பெண்கள் இதைக் கேள்விப்பட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களே.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, கதவைச் சாத்திவிட்டு, கீழ்க் கீலுக்குப் பக்கத்தில், கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியைச் செருகினாள். யோசித்துச் செய்ததில்லை. கை பழகிய வேலை.

மாலையில் குச்சி தரையில் கிடந்தது.

"இன்னிக்கு என்ன பண்ணே?"

"படுத்திருந்தேன்."

மறுநாளும் செருகினாள். அன்றைக்குக் குச்சி விழவில்லை. அதற்கு மறுநாள் விழுந்தது. மூன்று வாரத்தில் பதினோரு முறை விழுந்தது. ஒரு முறைகூட அவன் வெளியே போனேன் என்று சொல்லவில்லை. அவளும் நேராகக் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டவர்களை உடனே பிடிப்பது அவள் வழக்கமில்லை. கணக்குச் சேர விடுவாள்.

இந்தச் சமயத்தில்தான் மீசை அவளுக்குப் போன் செய்தார். தங்கமான மனிதர். மறைத்துப் பேசத் தெரியாது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி அந்தப் போன் சீட்டு கேட்டிருக்காரு. குடுக்கலாம்னுதான் இருக்கேன். ஆனா சைட்டுல எனக்கு ஆளே இல்ல. ரெண்டு பேரு வேலையை விட்டுட்டாங்க. டாக்டர் ரிப்போர்ட்டுல ஒண்ணுமே இல்லங்கறாங்க. நீங்க கூடவே இருக்கிறவங்க. நிஜமாவே முடியலையா?"

அக்கா அப்போது ஹோட்டலின் துணி அறையில் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் மடித்த வெள்ளை விரிப்புகள் கூரை வரை அடுக்கியிருந்தன. இரண்டு பெண்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியாகத்தான் பேசினாள்.

"நான் வேலைக்கு வந்ததும் வெளிய போறான் சார். எங்கிட்ட படுத்திருந்தேன்னு சொல்றான். பதினோரு நாள் பார்த்துட்டேன்."

"அப்படியா."

"நான் யாரையும் பொய்யாச் சொன்னதில்ல. சொந்தத் தம்பின்னாலும் அப்படித்தான். நாலு மாடி ஏறி இறங்கறவனுக்கு நாற்காலி எதுக்கு?"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "நல்லதாப் போச்சு மேடம். நான் பயந்தே போயிட்டேன். திங்கட்கிழமை சைட்டுக்கு வரச் சொல்றேன்."

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது தம்பிக்கு விஷயம் தெரிந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தான். விளக்குப் போடவில்லை.

"நாற்காலி இல்லைன்னுட்டாரு. நீ பேசினியாமே."

"கேட்டாரு. உள்ளதைச் சொன்னேன்."

"என்ன உள்ளது?"

அவள் கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். ஹோட்டலில் இந்த இடத்தில் எல்லோரும் அழுவார்கள். அவன் பெட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"முதல் நாளே பார்த்துட்டேன். கதவைத் திறந்ததும் காலடியில விழுந்துச்சு. திருப்பிச் செருகி வைக்க எனக்குத் தெரியாதா? உங்கிட்ட கதை கேட்டு வளர்ந்தவன். விழுந்தபடியே விட்டேன். நீ கேப்பேன்னு பார்த்தேன்."

"கேட்டேனே. என்ன பண்ணேன்னு தினம் கேட்டேன்."

"எங்க போனேன்னு கேக்கல."

"சரி, இப்ப கேக்கறேன். எங்க போனே?"

"படிக்கு. படி இறங்கிப் பழகினேன். நாலு படி, அஞ்சு படின்னு. பழகின மறுநாள் எழுந்திருக்கவே முடியாது. அன்னிக்குத்தான் குச்சி விழுந்திருக்காது." பேசியதிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. "முழுசா இறங்கி ஏறிட்டு உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"படி இறங்கப் பழகறதுக்கு நீ என்ன கைக்குழந்தையா? சொல்றதுக்கு ஒரு அளவு வேணும்டா."

"அக்கா, அசதியா இருந்தாக்கூட இழுத்துக்கிட்டுப் போயிடுவேன். மறந்துபோகுதுக்கா. லிஃப்ட் வேலையில மறக்கக் கூடாது. நீ ஒரு தடவை அவருக்குப் போன் பண்ணு. தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு. உன் பேச்சைத்தான் அவரு நம்பறாரு."

அவள் போன் கையிலேயே இருந்தது. எண்ணும் இருந்தது. துணி அறையில் அந்த இரண்டு பெண்கள் முன்னால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது என்பது மட்டும் தெரியவில்லை. பதினெட்டு வருடத்தில் அவள் எழுதிக் கொடுத்த எதையும் திரும்ப வாங்கியதில்லை.

"ரெண்டு நாள் போனா எல்லாம் சரியாயிடும்" என்றாள். "உடம்பு வளைஞ்சாத்தான் வழிக்கு வரும். பேன்ட்டைக் கொண்டா, தைச்சுத் தர்றேன்."

பேன்ட்டை அவன் அப்போது தரவில்லை. திங்கட்கிழமை காலைதான் போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றான்.

ஒன்பது மாடிக் கட்டடம் அது. மோட்டார் அறை மொட்டை மாடியில் இருந்தது. லிஃப்டைச் சோதிக்க வேண்டியிருந்ததால் அவனும் கூட்டாளியும் நடந்தே ஏறினார்கள். கூட்டாளி பிறகு அக்காவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"மேல வந்ததும் அரை மணி நேரம் பேச்சில்லாம உக்காந்துட்டாருங்க. அப்புறம் என்னைப் பார்த்து, நான் எதுக்கு மேல வந்தேன்னு கேட்டாரு. நான் ஜோக்குன்னு நினைச்சுச் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. எப்பவும் ஜோக்கடிக்கிற ஆளுதானேங்க."

பிறகு அவன் எட்டாவது மாடிக்கு இறங்கிப் போய், சாவி போட்டு லிஃப்ட் கதவைத் திறந்து, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் காலை வைத்தான். அங்கே ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். அதை அமுக்கிவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். அமுக்கினால் யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் பெட்டி நகராது. புதிதாக வருகிற மெக்கானிக்குகளுக்கு அதைப் பதினான்கு வருடமாகச் சொல்லிக் கொடுத்தவன் அவன். சிவப்பு முதலில், கால் பிறகு. யாரோ மூன்றாவது மாடியில் பட்டனை அமுக்கி லிஃப்டைக் கூப்பிட்டார்கள், பெட்டி நகர்ந்தது. அவர்கள் மேல் தப்பில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மீசை வீட்டுக்கு வந்தார். நான்கு மாடி ஏறி வந்ததில் வியர்த்திருந்தது. முக்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார். நீட்டினார்.

"இழப்பீட்டுக்கு இது வேணுமாம் மேடம். உங்க கையெழுத்து இல்லாம நகராதுங்கறாங்க."

அவள் வாங்கிப் படித்தாள். பாதுகாப்புப் பட்டனை ஊழியர் அமுக்கவில்லை என்று இருந்தது. அதற்குக் கீழே, ஊழியர் பணிக்குத் திரும்பும் முன் அவரது உடல்நிலை நன்றாக இருந்ததாகக் குடும்பத்தினர் உறுதி அளித்தனர் என்று இருந்தது. இரண்டு வரியிலும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் அறிக்கைகளும் அப்படித்தான் இருக்கும்.

"உங்க மேல நான் ஒண்ணும் சொல்லல மேடம்" என்றார் மீசை. "நீங்க சொன்னதாலதான் கூப்பிட்டேன். அவ்வளவுதான்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

தையல்காரர் பத்து நாள் கடையைத் திறக்கவில்லை. திறந்த அன்று அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

"தச்ச துணி குடுக்க நான் மேல வர்றப்ப பல நாள் படியில உக்காந்திருப்பாரும்மா. துணி அளவு போடற பென்சில் ஒண்ணு கேட்டு வாங்கிக்கிட்டாரு. எதுக்குன்னு கேக்கல."

"எந்தப் படியில?"

"மேலதான். தெருவரைக்கும் இறங்கி ஒரு நாளும் நான் பார்த்ததில்ல."

அவள் ஏறினாள். இத்தனை நாளும் கைப்பிடிக் கம்பியின் பக்கமாகவே ஏறிப் பழகியதால் சுவர்ப் பக்கம் பார்த்ததில்லை. முதல் மாடி தாண்டியும் சுவர் வெறும் சுவராகவே இருந்தது. இரண்டாவது மாடிக்குக் கொஞ்சம் கீழே, முழங்கால் உயரத்தில், உட்கார்ந்தபடி கை எட்டும் இடத்தில், ஒரு சிறிய பென்சில் கோடு. பக்கத்தில் தேதி. அதற்கு நான்கு படி மேலே இன்னொரு கோடு, அதற்கு முந்திய தேதி. அதற்கு மேலே இன்னொன்று. சில கோடுகளுக்குப் பக்கத்தில் சிறிய வட்டங்கள் இருந்தன. ஒரு வட்டம், இரண்டு வட்டம், ஓரிடத்தில் மூன்று. எவை என்று அவளுக்கு உடனே விளங்கியது. குச்சி விழாத நாட்கள். கட்டிலை விட்டு எழாத நாட்கள். கோடுகள் மொத்தம் பதினொன்று. ஆறாவது கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் நடுங்கிய எழுத்தில், 'மூச்சு பரவாயில்லை' என்று எழுதியிருந்தான்.

கடைசிக் கோடு நாற்பத்தொன்றாவது படியில் இருந்தது. மேலிருந்து எண்ணி வந்திருக்கிறான். வாசலுக்கு முன்னால் இருந்த அந்த உயரம் குறைந்த படியின் ஓரத்தில் '1' என்று போட்டிருந்தான். அதைத்தான் அவள் இருபது வருடமாகப் படியே இல்லை என்று சொல்லி வந்தாள்.

அவள் ஹோட்டல் வேலையை விடவில்லை. விட்டால் வேறு எங்கே போவது? தீக்குச்சி வைப்பதை விட்டுவிட்டாள் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஒரு மாதம் விட்டிருந்தாள். பிறகு மேலிடத்தில் புகார் வந்தது, கை தானாகவே தலையணைக்குக் கீழே போனது. குளியல் தொட்டி விளிம்பில் தூங்கிய அந்தப் பெண்ணைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை விலாசம் விசாரித்துக்கொண்டு போனாள். அவளுடைய அம்மா கதவைப் பாதி திறந்து, யார் என்று பார்த்ததும் மூடிவிட்டாள்.

கட்டடத்துக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தபோது படிக்கட்டுச் சுவரின் மேல் பாதியை விடச் சொல்லி அக்கா கெஞ்சினாள். விட முடியாது, மொத்தக் கட்டடத்துக்கும் பேசியிருக்கிறது என்றார்கள். இரண்டு பூச்சில் எல்லாம் போனது.

இப்போதும் தினமும் மாலை ஆறரைக்கு வேலை முடிந்து வருகிறாள். தெருவோரத்துத் தேய்ந்த கல்லில் முதல் காலை வைத்து, ஒன்று என்று ஆரம்பிக்கிறாள். எங்கேயும் நிற்பதில்லை. கையில் காய்கறிப் பை இருந்தாலும் மூச்சு வாங்குவதில்லை. வாசலுக்கு முன்னால் இருக்கும் உயரம் குறைந்த படியில் காலைத் தூக்கி வைக்கும்போது எழுபத்திரண்டு வருகிறது.